கலவர வழக்கில் தண்டனை: மேல்முறையீட்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"எதிரிகள் 1 முதல் 17 வரை அனைவரும் குற்றவாளிகள் என இந்நீதிமன்றம் தீர்மானிக்கிறது."

கலவர வழக்குத் தீர்ப்புகளில் இப்படி ஒரு வரி வரும். நீதிமன்ற மொழியில் 'எதிரி' என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். அதைக் கேட்டுக்கொண்டு வரிசையாக நிற்பவர்களில் கல் எறிந்தவர் இருக்கலாம். தம்பியைத் தேடி ஓடி வந்தவரும், கடையைச் சாத்திக்கொண்டிருந்தவரும் இருக்கலாம். 'வரை' என்ற ஒரு சொல் எல்லோரையும் ஒரே கயிற்றில் கட்டிவிடுகிறது. மேல்முறையீடு என்பது அந்தக் கட்டை ஆளுக்கு ஆள் அவிழ்க்கும் வேலை. "நாங்கள் யாருமே எதுவும் செய்யவில்லை" என்று பதினேழு பேரும் சேர்ந்து சொல்வதை விட, "7-வது எதிரியைப் பற்றி எந்தச் சாட்சி என்ன சொன்னார்?" என்ற ஒரு கேள்விக்கு வலிமை அதிகம். இந்த வழிகாட்டி முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றியே போகிறது.

தமிழ்நாட்டில் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்திலோ அமர்வு நீதிமன்றத்திலோ தண்டனை பெற்றவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் எழுதுகிறேன். வழக்கறிஞர் எதிரே உட்காரும்போது எதைக் கேட்க வேண்டும், எதைக் கையில் கொண்டுபோக வேண்டும் என்பது தெரிந்திருந்தால் வழக்கு பாதி தெளிவாகிவிடும்.

தீர்ப்பு நாளன்றே செய்ய வேண்டியவை

குற்றவாளி என்று சொன்ன பிறகு, தண்டனை பற்றி ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று நீதிபதி கேட்பார். பலர் தலையைக் குனிந்துகொண்டு "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். அப்படி விட்டுவிடாதீர்கள். வயது, இதற்கு முன் வழக்கு எதுவும் இல்லை என்பது, உங்களை நம்பியிருப்பவர்கள், நோய், படிப்பு என எல்லாவற்றையும் சொல்லுங்கள். அந்தப் பதில் பதிவாகிறது. பின்னால் தண்டனைக் குறைப்பு கேட்கும்போது கைகொடுக்கும்.

அடுத்த நிமிடமே தண்டனையை நிறுத்திவைக்க மனு கொடுக்க வேண்டும். விதித்த சிறைத்தண்டனை 3 ஆண்டுகளுக்கு மேற்படாமல் இருந்து, நீங்கள் அதுவரை ஜாமீனில் இருந்திருந்தால், மேல்முறையீடு செய்வதற்குப் போதிய காலம் கொடுத்துத் தண்டனை விதித்த நீதிமன்றமே உங்களை ஜாமீனில் விடலாம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 430(3) பிரிவு இதைச் சொல்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 389(3). ஜாமீன்தாரர்கள் இருவரும் அன்று நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கட்டும். தீர்ப்பு நாளன்று மாலை நான்கு மணிக்கு ஜாமீன்தாரரைத் தேடி ஊருக்கு ஆள் அனுப்பும் குடும்பம் அந்த இரவைச் சிறை வாசலில்தான் கழிக்கும். அபராதத்தையும் உடனே கட்டி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

சிறைத்தண்டனை விதிக்கப்பட்டவருக்குத் தீர்ப்பின் நகலை இலவசமாக, உடனே கொடுக்க வேண்டும் என்பது சட்டம். கேட்டு வாங்குங்கள். அதோடு நிற்காமல் சான்றிட்ட நகலுக்கும் அன்றே மனுப் போடுங்கள். அந்த நகலின் கடைசிப் பக்கத்தில் சில தேதிகள் இருக்கும்: மனு கொடுத்த நாள், தாள் கேட்ட நாள், தாள் செலுத்திய நாள், நகல் தயாரான நாள், வழங்கிய நாள். நகல் பெற ஆன நாட்கள் மேல்முறையீட்டுக் கெடுவில் கழிக்கப்படும் என்பதால், உங்கள் கெடு என்றைக்கு முடிகிறது என்பதை இந்தச் சிறு குறிப்புதான் முடிவு செய்கிறது.

எங்கே, எத்தனை நாளுக்குள்

நடுவர் தண்டித்திருந்தால் அமர்வு நீதிமன்றத்துக்கு, 30 நாட்களுக்குள். அமர்வு நீதிமன்றம் தண்டித்திருந்தாலோ, எந்த நீதிமன்றமானாலும் 7 ஆண்டுகளுக்கு மேற்பட்ட தண்டனை விதித்திருந்தாலோ உயர்நீதிமன்றத்துக்கு, 60 நாட்களுக்குள். தென்மாவட்டங்கள் என்றால் மதுரைக் கிளை. கெடு தாண்டிவிட்டால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவைச் சேர்த்துக் கொடுக்கலாம். அதில் ஒவ்வொரு கட்டத் தாமதத்துக்கும் காரணம் இருக்க வேண்டும். மருத்துவச் சீட்டு இருந்தால் இணையுங்கள்.

சிறையில் இருப்பவர் சிறைக் கண்காணிப்பாளர் வழியாகவே மேல்முறையீட்டை அனுப்பலாம். காவலில் இருப்பவர்கள், பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞரை நியமிக்கும். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அதன் அலுவலகம் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. "குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடு, இழுத்துக்கொண்டே போக வேண்டாம்" என்று யாராவது சொல்லி ஒப்புக்கொண்டிருந்தால், பிறகு தண்டனையின் அளவையும் சட்டப்படியான தன்மையையும் மட்டுமே எதிர்க்க முடியும். வழக்கு இன்னும் விசாரணையில் இருப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தச் சட்டம்

சம்பவம் 2024 ஜூலை 1-க்கு முன் நடந்திருந்தால் குற்றச்சாட்டு இந்திய தண்டனைச் சட்டத்தின்படி இருக்கும். சட்டவிரோதக் கூட்டம் 143, கலவரம் 147, பயங்கர ஆயுதத்தோடு கலவரம் 148, பொது நோக்கம் 149. அந்த நாளிலோ அதற்குப் பின்னோ என்றால் பாரதிய நியாய சன்ஹிதா: 189, 191(2), 191(3), 190. கலவரத்துக்கு உச்சபட்சம் 2 ஆண்டு என்பது மாறவில்லை. ஆயுதத்தோடு கலவரம் என்பதற்குப் பழைய சட்டத்தில் 3 ஆண்டு, புதியதில் 5 ஆண்டு. பழைய சம்பவத்துக்குப் புதிய சட்டத்தின் கூடுதல் தண்டனையை விதிக்க முடியாது. தீர்ப்பில் இதைச் சரிபாருங்கள்.

பஸ் கண்ணாடி உடைந்திருந்தால் 1992-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொதுச்சொத்துச் சேதத் தடுப்புச் சட்டமும் சேர்ந்திருக்கும். காவலருக்குக் காயம் என்றால் பழைய சட்டத்தின் 332, 353 பிரிவுகள். தண்டனையின் கனம் பல நேரம் இந்தப் பிரிவுகளிலிருந்துதான் வரும். ஆகவே கலவரப் பிரிவை மட்டும் பார்த்துக்கொண்டு இவற்றை விட்டுவிடாதீர்கள்.

ஆவணங்களும் அட்டவணையும்

கையில் இருக்க வேண்டியவை: முதல் தகவல் அறிக்கை, பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்து எழுதிய குறிப்பு), மாதிரி வரைபடம், கைப்பற்றுதல் மகஜர்கள், காவல்துறை விசாரணையில் பதிவான சாட்சி வாக்குமூலங்கள், நீதிமன்றத்தில் பதிவான சாட்சியம் முழுவதும், மருத்துவமனையின் விபத்துப் பதிவேடும் காயச் சான்றிதழும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 313-வது பிரிவின்படி உங்களிடம் நீதிபதி கேட்ட கேள்விகள் (புதிய சட்டத்தில் 351), தீர்ப்பு. காணொளி சான்றாக வந்திருந்தால் மின்னணுச் சான்றுக்கான சான்றிதழ் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இனி ஒரு நீளத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் மேலிருந்து கீழாக எதிரிகளின் எண்கள். மேலே வரிசையாக அ.சா.1, அ.சா.2 என அரசுத் தரப்புச் சாட்சிகள். ஒவ்வொரு கட்டத்திலும், அந்தச் சாட்சி அந்த எதிரியைப் பற்றி நீதிமன்றத்தில் சொன்ன சொற்களை அப்படியே எழுதுங்கள். சுருக்க வேண்டாம். பெயரைச் சொல்லவில்லை என்றால் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

ஒரு மாதிரியாக 7-வது எதிரியின் வரிசையைப் பார்ப்போம். புகார் கொடுத்த அ.சா.1: "எதிரிகள் அனைவரும் கற்களை வீசினார்கள்." இதில் 7-வது எதிரி தனியாக இல்லை. அ.சா.2: "7-வது எதிரி கையில் கட்டை வைத்திருந்தார்." அ.சா.3: கட்டம் காலி. அ.சா.4, காயம்பட்டவர்: "என்னை அடித்தவர் 3-வது எதிரி; மற்றவர்கள் கூட நின்றார்கள்." அ.சா.5 பிறழ்சாட்சி (முன்பு சொன்னதை நீதிமன்றத்தில் மாற்றிச் சொன்னவர்). கிராம நிர்வாக அலுவலர், மருத்துவர், ஆய்வாளர் யாரும் கண்ணால் கண்டவர்கள் இல்லை. ஆக, 7-வது எதிரிக்கு எதிராகத் தனியாக இருப்பது அ.சா.2 சொன்ன ஒரே வாக்கியம். அந்தக் கட்டை கைப்பற்றப்பட்டதா? காவல்துறையிடம் முதலில் கொடுத்த வாக்குமூலத்தில் அ.சா.2 இந்தக் கட்டையைச் சொன்னாரா? ஆய்வாளரின் குறுக்கு விசாரணையில் "அ.சா.2 தன்னிடம் அவ்வாறு கூறவில்லை" என்று பதிவாகியிருக்கிறதா? பதிவாகியிருந்தால் அந்த ஒரு வாக்கியமும் ஆட்டம் காண்கிறது. பதினேழு பேருக்கும் இப்படிச் செய்ய இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளைச் செலவழிக்காமல் எழுதப்பட்ட மேல்முறையீடுகள் வாதத்தின்போது வெறுங்கையோடு நிற்பதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை.

இந்த அட்டவணைக்கு முன்தீர்ப்பின் ஆதரவும் இருக்கிறது. 1964-இல் நான்கு நீதிபதிகள் அமர்வு வழங்கிய மசால்தி வழக்குத் தீர்ப்பில், பெருங்கூட்டம் சம்பந்தப்பட்ட வழக்குகளில் இரண்டு மூன்று சாட்சிகளாவது ஒருவரைப் பற்றி முரணில்லாமல் சொல்லியிருந்தால்தான் தண்டனை நிலைக்கும் என்ற அளவுகோலை உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் இதே தீர்ப்பை அரசு வழக்கறிஞரும் கையில் வைத்திருப்பார். பொது நோக்கத்தோடு கூட்டத்தில் ஒருவராக இருந்தார் என்று நிரூபணமானால், அவர் தனியாக எதுவும் செய்ததைக் காட்டத் தேவையில்லை என்பதும் அதில்தான் இருக்கிறது. இதை எதிர்பார்த்தே தயாராகுங்கள்.

அதற்கு மறுமொழி 2025 மார்ச்சில் வந்த தீர்ப்பில் கிடைக்கிறது. 2002 குஜராத் கலவரத்தில் வடோத் கிராமத்தில் நடந்த சம்பவம். விசாரணை நீதிமன்றம் விடுவித்த ஆறு பேரை உயர்நீதிமன்றம் தண்டித்தது. உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. அவர்கள் அதே ஊர்க்காரர்கள். தங்கள் ஊரில் நடக்கும் சம்பவ இடத்தில் இருந்ததே குற்றமாகிவிடாது. ஆயுதமோ எரிபொருளோ அவர்களிடம் கைப்பற்றப்படவில்லை. இன்னார் இன்னது செய்தார் என்று சொல்லாத பொத்தாம்பொதுவான சாட்சியத்தை நீதிமன்றங்கள் எச்சரிக்கையோடு அணுக வேண்டும். வேடிக்கை பார்த்தவர் தண்டிக்கப்படாமல் காப்பது நீதிமன்றத்தின் கடமை. இவைதான் அதன் சாரம். கோயில் திருவிழாவிலோ சாலை மறியலிலோ தொடங்கிய நம் ஊர் வழக்குகளுக்கு இதைவிடப் பொருத்தமான தீர்ப்பு கிடைப்பது கடினம். நீங்கள் அங்கே இருந்ததற்கு இயல்பான காரணம் (வீடு அந்தத் தெருவில், கடை அந்த முக்கில்) வரைபடத்திலேயே தெரிகிறதா என்று பாருங்கள்.

இன்னும் எங்கெல்லாம் விரிசல் தேட வேண்டும்

ஐந்து பேர். சட்டவிரோதக் கூட்டத்துக்குக் குறைந்தது ஐந்து பேர் வேண்டும். குற்றப்பத்திரிகையில் பெயர் சொல்லப்பட்டவர்கள் மட்டுமே கூட்டம் என்பது வழக்காக இருந்து, சிலர் விடுதலையாகி மிஞ்சியவர்கள் ஐந்துக்குக் கீழே வந்துவிட்டால் 149 நிற்காது. ஆனால் "பெயர் தெரியாத வேறு சிலரும் இருந்தார்கள்" என்பது குற்றச்சாட்டிலும் சாட்சியத்திலும் இருந்தால் இந்த வாதம் எடுபடாது. முதல் தகவல் அறிக்கையில் "மற்றும் சிலர்" என்று இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிட்டே பேசுங்கள்.

அடையாளம். இரவு நேரச் சம்பவம் என்றால் வெளிச்சம் எங்கிருந்து வந்தது? பார்வை மகஜரில் தெருவிளக்கு குறிக்கப்பட்டிருக்கிறதா? சாட்சிக்கு உங்களை முன்பே தெரியாது என்றால் அடையாள அணிவகுப்பு நடந்ததா? நடக்காமல், நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் கழித்து முதன்முறையாகக் கைகாட்டியது பலவீனமான சான்று.

நேரம். சம்பவம் நடந்த நேரம், புகார் பதிவான நேரம், முதல் தகவல் அறிக்கை நடுவர் கைக்குப் போன நேரம் ஆகிய மூன்றையும் ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். நடுவரின் கையெழுத்துக்குக் கீழே நேரம் இருக்கும். இடைவெளி நீளமாக இருந்து, விளக்கமும் இல்லை என்றால், பெயர்கள் பின்னால் யோசித்துச் சேர்க்கப்பட்டவை என்று வாதிட அது இடம் தருகிறது.

எதிர்வழக்கு. இரு தரப்பும் மோதிக்கொண்ட வழக்குகளில் உங்கள் தரப்பிலும் காயம் இருக்கும். அந்தக் காயத்தை அரசுத் தரப்பு விளக்கவில்லை என்றால், நடந்ததன் தொடக்கத்தை மறைக்கிறார்கள் என்று கேட்கலாம். வழக்கையும் எதிர்வழக்கையும் சேர்த்து விசாரித்து, யார் மூர்க்கமாக இறங்கியவர்கள் என்று கண்டறிய வேண்டும் என்பது தமிழ்நாடு காவல்துறையின் நிலையாணை 588-ஏ. அப்படிச் செய்தாரா என்று ஆய்வாளரிடம் குறுக்கு விசாரணையில் கேட்கப்பட்டிருந்தால் அந்தப் பக்கத்தை அடிக்கோடிடுங்கள்.

313-வது பிரிவுக் கேள்விகள். உங்களுக்கு எதிராகத் தீர்ப்பு நம்பியிருக்கும் சான்று உங்களிடம் கேள்வியாக வைக்கப்பட்டதா? எல்லா எதிரிகளுக்கும் ஒரே அச்சில் கேள்வித்தாள் தயாராகும் வழக்குகளில் இது அடிக்கடி விடுபட்டுப் போகிறது. விடுபட்டதால் உங்களுக்கு என்ன பாதிப்பு என்றும் சேர்த்துக் காட்ட வேண்டும்.

மேல்முறையீட்டு மனு

"கீழமை நீதிமன்றத்தின் தீர்ப்பு சட்டத்துக்கும் சாட்சியத்துக்கும் முரணானது" என்று முதல் காரணம் எழுதுவது மரபு. எழுதிக்கொள்ளலாம். இரண்டாவது காரணத்திலிருந்து ஆளும் பக்கமும் வர வேண்டும்: "7-வது எதிரிக்கு எதிராக அ.சா.2 தவிர வேறு எவரும் குறிப்பாக எதுவும் சொல்லவில்லை; அ.சா.2 கூறிய கட்டை கைப்பற்றப்படவில்லை. அது முன்வாக்குமூலத்திலும் இல்லை." இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு பத்தி.

எல்லோரும் ஒரே மனுவில் சேர வேண்டுமா என்பது உணர்வோடு கலந்த கேள்வி. ஊர் ஒற்றுமைக்காகச் சேர்ந்து போடுவார்கள். ஆனால் 3-வது எதிரி அடித்தார் என்று தெளிவான சாட்சியம் இருக்கும்போது, வெறுமனே நின்ற 7-வது எதிரியின் சிறந்த வாதம் 3-வது எதிரிக்குப் பாதகமாகவே முடியும். அப்படிப்பட்டவர்களுக்குத் தனி மனு, தனி வழக்கறிஞர் வேண்டும் என்பது என் கருத்து. மனத்தாங்கல் வரும் என்று அஞ்சி இதைச் சொல்லாமல் விட்டால் இழப்பு அவருடைய பிள்ளைகளுக்கு.

மேல்முறையீடு செய்தால் தண்டனை கூடிவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். நீங்கள் போட்ட மேல்முறையீட்டில் தண்டனையைக் கூட்டும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இல்லை. கூட்ட வேண்டுமானால் அரசு தனியாக மேல்முறையீடு செய்து, உங்களுக்கும் வாய்ப்புக் கொடுத்தாக வேண்டும்.

தண்டனை நிறுத்தம் வேறு, குற்றத் தீர்ப்பு நிறுத்தம் வேறு

மனுவோடு 430(1) பிரிவின்படி தண்டனையை நிறுத்திவைக்கும் மனுவும் போக வேண்டும். கீழமை நீதிமன்றம் கொடுத்த அவகாசம் மேல்முறையீடு செய்யும் வரைக்கும்தான். குறிப்பிட்ட சில ஆண்டுத் தண்டனை என்றால் நிறுத்திவைப்பதைத் தாராளமாகவே பரிசீலிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1999-இல் சொல்லியிருக்கிறது.

ஆனால் தண்டனை நின்றாலும் "குற்றவாளி" என்ற தீர்ப்பு நிற்பதில்லை. 1998-இல் ஓசூர் அருகே பாகலூரில் கள்ளச்சாராயத்துக்கு எதிரான போராட்டம் கல்வீச்சில் முடிந்த வழக்கை நினைத்துப் பாருங்கள். அதில் அமைச்சர் பாலகிருஷ்ணா ரெட்டிக்கு 2019 ஜனவரியில் சென்னை சிறப்பு நீதிமன்றம் 3 ஆண்டு சிறை விதித்தது. மேல்முறையீட்டுக்காகத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. குற்றத் தீர்ப்பை நிறுத்த உயர்நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் மறுத்தன. அமைச்சர் பதவியும் சட்டமன்ற இடமும் போயின. அதே ஆண்டு ஓசூரில் இடைத்தேர்தலே நடந்துவிட்டது. பின்னாளில் உயர்நீதிமன்றம் மேல்முறையீட்டில் அவரை விடுவித்தது. அதனால் போன பதவி திரும்பவில்லை.

அரசு ஊழியர், ஊராட்சித் தலைவர், அரசு வேலைக்குத் தேர்வெழுதுபவர் ஆகியோர் குற்றத் தீர்ப்பையும் நிறுத்தக் கோரித் தனியாகக் கேட்க வேண்டும். அது அரிதாகவே கிடைக்கும். என்ன இழப்பு, அது ஏன் பிறகு சரிசெய்ய முடியாதது என்பதை ஆவணத்தோடு காட்டாமல் கேட்பதில் பயனில்லை.

வாதம், சமரசம், நன்னடத்தை

வாய்தாக்களுக்கு ஒழுங்காகப் போங்கள். வழக்கறிஞர் ஒருநாள் வராததால் மட்டும் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்ய முடியாது, ஆவணங்களைப் பார்த்துத் தகுதியின் மேல்தான் முடிவெடுக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் 1996-இல் வகுத்த சட்டம். ஆனால் உங்களுக்காகப் பேச ஆளில்லாமல் அப்படி முடிவாவதை யார் விரும்புவார்கள்? வாதத்தன்று அந்த அட்டவணையைத் தட்டச்சு செய்து நீதிபதியிடமும் அரசு வழக்கறிஞரிடமும் கொடுங்கள்.

இரு தரப்பும் ஊரில் சமாதானமாகிவிட்டால்? கலவரப் பிரிவு சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றம் அல்ல. அமர்வு நீதிமன்றம் அதை ஏற்று வழக்கை முடிக்க முடியாது. உயர்நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் உண்டு. கொடுங்குற்றம் அல்லாத வழக்குகளில் தண்டனைக்குப் பின்னும் சமரசத்தை ஏற்று ரத்து செய்யலாம் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. சமரசப் பத்திரத்தில் காயம்பட்டவர்கள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும்.

விடுதலை கிடைக்காது என்று தோன்றினாலும் 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்தை மாற்றுக் கோரிக்கையாக வையுங்கள். மேல்முறையீட்டு நீதிமன்றமே அந்த உத்தரவைப் போடலாம். 21 வயது நிரம்பாதவர் என்றால் சிறைக்கு அனுப்புவதற்கு நீதிமன்றம் காரணம் எழுத வேண்டும். இந்தச் சட்டத்தில் விடுவிக்கப்பட்டவருக்குக் குற்றத் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு சேராது என்று 12-வது பிரிவு சொல்கிறது.

முடிவு வந்த பின்

அமர்வு நீதிமன்றம் தள்ளுபடி செய்தால் உயர்நீதிமன்றத்தில் 90 நாட்களுக்குள் சீராய்வு மனு. அங்கே சாட்சியத்தை மறுபடி முதலிலிருந்து எடைபோட மாட்டார்கள். சட்டப் பிழையைத்தான் பார்ப்பார்கள். ஆகவே சாட்சிய வாதம் முழுவதையும் மேல்முறையீட்டிலேயே வைத்துவிட வேண்டும்.

விடுதலை என்றால், தீர்ப்பின் சொற்களைக் கவனியுங்கள். தமிழ்நாடு காவல்துறைப் பணி விதிகளின்படி, சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரும் சாட்சிகள் பிறழ்ந்ததால் விடுதலையானவரும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுகிறார்கள். காவலர் தேர்வுக்கு ஓடிப் பயிற்சி எடுக்கும் பையன்கள் இந்த ஒரு வரியால் வேலையை இழக்கிறார்கள். எனவே வாதத்திலேயே, "சந்தேகத்தின் பலன்" என்று நிறுத்தாமல், இவருக்கு எதிராகச் சான்றே இல்லை என்று பதிவு செய்யுமாறு கேளுங்கள். அதற்கு அடிப்படை அந்த அட்டவணையின் காலிக் கட்டங்கள்தான்.

கட்டிய அபராதத்தைத் திரும்பப் பெற, ரசீதோடு விசாரணை நீதிமன்றத்தில் மனுக் கொடுங்கள். தீர்ப்பின் சான்றிட்ட நகல் குறைந்தது மூன்று வாங்குங்கள். ஒன்றைக் காவல் நிலையத்தில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். ஒன்று வேலைக்கும் கடவுச்சீட்டுக்கும். இன்னொன்று வீட்டுப் பெட்டியில் இருக்கட்டும்.